இருபத்திரண்டாம் நிமிடத்து இருமல்

திருவாரூர்க்காரர் எழுப்பியவை கோபுரங்கள்,
அண்ணாந்து பார்க்கத் தெரியாதவனுக்குக்
கழுத்துவலிதான் மிச்சம் என்பான் சிக்கந்தர்.
நான் திருவையாற்றுக் கட்சி.
குனிந்து இரு கையால் அள்ளினால்
குடிக்கக் கிடைக்கவேண்டும் பாட்டு.
பிரகதிக்கு மூன்றாமவர்.
"உங்கள் ஆட்கள் நூறு நூறாய்ச் செய்தார்கள்.
எங்கள் ஆள் குன்றிமணி எடையில் நிறுத்து வைத்தார்."
அவள் மருந்தாளர். தராசில்லாமல் பேச வராது.

வியாழன் இரவு. தோ பாயோ, லோரோங் எட்டு.
மீன்சூப் கடை விளக்கை அணைத்த பிறகும்
எங்கள் மேசை அணையாது.
மூன்று கோப்பி, அதில் ஒன்று கோசோங்;
சர்க்கரை போட்டால்
சிக்கந்தருக்குச் சுருதி சேராதாம்.
பதினோரு ஆண்டு.
யாரும் யாரையும் மாற்றியதில்லை.

பிறகு அந்தத் தோடி வந்தது.

அறுபத்து நான்கு, டிசம்பர்.
சிராங்கூன் சாலைப் பக்கம் ஏதோ தகரக்கூரை மண்டபம்.
பாடியவர் கப்பலில் வந்து
மூன்று கச்சேரி செய்து
கப்பலிலேயே போனவர். பெயர்கூட நாடாவில் பாதிதான்.
துறைமுகக் கிராணி ஒருவர் பதிந்தது
கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது
பாதி தோடி, பாதி மழை.
இருபத்திரண்டாம் நிமிடம்
காந்தாரத்தைத் தொடுகிறார்,
விடுகிறார்.
யாரோ இருமுகிறார்கள்.
அடியிலிருந்து பெயர்ந்து வருகிற இருமல்.
அது ஓயும்வரை தம்பூரா மட்டும்.
பிறகு விட்ட இடத்திலேயே காந்தாரம்,
தூங்கும் பிள்ளையின் அறைக்கதவைச்
சாத்துகிற மாதிரி.

சிக்கந்தர் காசு கொடுத்து வாங்கினான்
துடைத்த பதிப்பை.
மழை இல்லை, தகரம் இல்லை, இருமல் இல்லை.
"கேள், இந்த ஏழு நொடி மௌனத்தை.
எவனுக்கு வரும் இந்தத் துணிச்சல்?"
"துணிச்சலில்லை. மரியாதை.
இருமலுக்காக நின்றார்."
"கண்டவன் இருமினால் நிற்பதற்கு
அவரென்ன பேருந்தா?"

நான் பேருந்து ஓட்டுகிறவன்.
அவன் அதை நினைத்துச் சொல்லவில்லை.
என்றாலும் ஐந்து வியாழன் நான் போகவில்லை.

அந்த நாள்களில் போத்தோங் பாசிர் நிறுத்தத்தில்
இரண்டு கையிலும் பையோடு ஒருத்தி ஓடிவந்தாள்.
கதவைத் திறந்தபடியே வைத்திருந்தேன்.
பின்னிருக்கையில் ஒருவர் 'த்சு' என்றார்.
அவருக்குத் தெரிந்தது
நிற்கிற வண்டி மட்டும்.

ஆறாவது வியாழன் போனேன்.
பக்கத்து மேசையில் குவெக்,
பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர்.
ஒரு ஜெர்மானியத் தேவாலய வாத்தியக்காரரைத் தவிர
வேறு தெய்வமில்லை அவருக்கு.
பிரகதி அவர் காதில் மாட்டிவிட்டாள்
துடைத்த பதிப்பை.
நாங்கள் எதுவும் சொல்லவில்லை.
இருபத்திரண்டாம் நிமிடத்தில்
கோப்பி உதடுவரை போய் நின்றது.
"இவர் யாருக்கோ காத்திருக்கிறார்,"
என்றார் குவெக். "யாருக்கு?"

சிக்கந்தர் பேசவில்லை.
ஏழு நொடி. நான் எண்ணினேன்.

பிரகதி என் மழைப் பதிவை வாங்கி
அந்த இருமலை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.
"காசமாக இருக்கும்" என்றாள்.
"ஆனால் அறுபத்து நாலில் மருந்து இருந்தது.
ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால்
பிழைத்திருப்பார்."

மேசை துடைக்கிறவர் வந்து
கோப்பைகளை அடுக்கினார்.
எழுந்துபோகும்போது சிக்கந்தர் சொன்னான்:
"உன் மழையை எனக்கு அனுப்பு.
கட்சி மாறவில்லை, தெரியுமா,
திருவாரூர்தான்."